ஊர் பார்க்கப் போன தீவு

தாழைத்தீவு தன் இடத்தை விட்டுக் கிளம்பிப் போனது ஒரு புதன்கிழமை காலையில். எங்களில் பாதிப் பேர் வீட்டில் அப்போது உலை கொதித்துக்கொண்டிருந்தது, சோற்றை வடித்து இறக்கிவிட்டு வெளியே வந்து பார்த்தபோது நாங்கள் வேறு கடலில் இருந்தோம். சோறு குழையவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் இந்தக் கதையைக் கேட்டவர்கள் எல்லாரும் பூமி அதிர்ந்ததா, வீடு இடிந்ததா, மாடு கடலில் விழுந்ததா என்று கேட்டு எங்களைக் களைக்கப் பண்ணியிருக்கிறார்கள். ஒன்றும் இடியவில்லை, ஒன்றும் விழவில்லை. பொறுமையான சாரதி ஒருவர் பஸ்ஸை எடுப்பது போலத்தான் தீவு எடுபட்டது.

எங்கள் தீவு சின்னது. ஒரு செபஸ்தியார் கோயில், ஒரு பள்ளிக்கூடம், சவிரிமுத்துவின் தேத்தண்ணிக் கடை, ஒரேயொரு நல்ல தண்ணீர்க் கிணறு, கரை முழுக்கத் தாழம் புதர், அவ்வளவுதான். எங்களைச் சுற்றித்தான் பார்க்க வடிவானதெல்லாம் கிடக்கிறது: காட்டுக் குதிரைகளும் பத்துப் பேர் கைகோத்தாலும் கட்டிப்பிடிக்க முடியாத பெருக்குமரமும் உள்ள பெரியதீவு, கடலுக்குள்ளிருந்தே அம்மன் கோயில் தெரிகிற கோபுரத்தீவு, வெளிச்சவீட்டையும் அதைக் காக்கிற ஒரு மனிதரையும் தவிர வேறொன்றும் இல்லாத விளக்குத்தீவு, பறவைகள் வந்து குடியேறுகிற மணல்திட்டு. இவற்றைப் பார்க்கக் கொழும்பிலிருந்தும் கனடாவிலிருந்தும் ஆட்கள் வருவார்கள், எங்கள் துறையில் எமிலியானுசின் லோஞ்சு என்கிற எஞ்சின் படகில் ஏறுவார்கள், ஒரு முழுநாள் சுற்றிவிட்டு மூக்கு நுனி கறுத்துத் திரும்பி வருவார்கள். எங்களில் ஒருவரும் இவற்றைச் சரியாகப் பார்த்ததில்லை. தொழிலுக்குப் போகிற ஆண்கள் அந்தப் பக்கமெல்லாம் போகிறவர்கள்தான், ஆனால் அவர்களுடைய கண் வலையில் இருக்கும். பெண்களுக்கோ கருவாடு காயப்போடுவதும் அதைக் காகத்திடமிருந்து காப்பாற்றுவதுமே ஒரு நாளுக்குப் போதும். கரையில் நின்று, தொப்பி போட்டவர்கள் போவதையும் வருவதையும் பார்த்து, "கண்டறியாத சுற்றுலா" என்று சிரிப்போம், அதுதான் எங்கள் பொழுதுபோக்கு.

எங்கள் துறையில் ஒரு வழக்கம் உண்டு. எந்தப் படகும் தானாகப் புறப்படக் கூடாது. எத்தனை குதிரைவலு எஞ்சின் பூட்டியிருந்தாலும், கரையில் நிற்கிற ஒருவர் படகில் கைவைத்துத் தள்ளிவிட வேண்டும். அதுவும் கண்ட கண்ட கை தள்ளக் கூடாது. போகிறவரை விட மனமில்லாத கை தள்ள வேண்டும். அப்படித் தள்ளிய படகுதான் ஒழுங்காகத் திரும்பி வரும் என்று எங்களுக்கு நம்பிக்கை. மகனுடைய படகைத் தாய் தள்ளுவாள், புருசனுடையதைப் பெண்சாதி தள்ளுவாள், கடன்காரனுடைய படகைச் சில வேளைகளில் கடன் கொடுத்தவனே வந்து தள்ளுவான். சுற்றுலாக்காரரை விட மனமில்லாதவர் யாரென்று ஒரு காலத்தில் பெரிய யோசனை நடந்தது. இன்னும் ஒரு தேத்தண்ணி குடிக்காமல் போகிறார்களே என்று உண்மையாகவே கவலைப்படுகிறவன் சவிரிமுத்து ஒருவன்தான் என்று கண்டுபிடித்து, எமிலியானுசின் லோஞ்சைத் தள்ளுகிற பொறுப்பை அவனிடம் விட்டிருந்தோம்.

நியாயப்படி அது எமிலியானுசின் மனைவி பிலோமினாவின் வேலை. அவள் துறைப் பக்கமே வருவதில்லை. அவளும் அவளுடைய அக்கா சிசிலியாவும் சின்னப்பிள்ளைகளாக இருந்தபோது அவர்களுடைய தாய் கருவாடு விற்க வள்ளத்தில் போனாள். பிள்ளைகள் இருவரும் கரையில் நின்று தள்ளிவிட்டார்கள். அந்த வள்ளம் திரும்பி வரவில்லை. அதற்குப் பிறகு பிலோமினா எந்தப் படகையும் தொட்டதில்லை, எதிலும் ஏறினதில்லை, கடலில் கால் நனைத்ததுகூட இல்லை. சிசிலியா கலியாணம் முடித்துப் பெரியதீவுக்குப் போனபோது கலியாண முக்காட்டால் கண்ணைக் கட்டிக்கொண்டு வள்ளத்தில் உட்கார்ந்து போனாள். தங்கச்சி துறைக்கு வரவுமில்லை, கைவைத்து விடவுமில்லை. போய் இறங்கிய சிசிலியா அங்கே வாந்தி எடுத்து முடித்துவிட்டு, இனிச் சவப்பெட்டியில் வைத்தாலும் தன்னை வள்ளத்தில் ஏற்றக் கூடாது என்று சொன்னாளாம். முக்கால் மணித்தியாலக் கடல்தான். ஆனால் அக்காவும் தங்கச்சியும் அதன் இரண்டு கரையிலும் இருந்தபடியே நரைத்துப்போனார்கள். போனில் நாள்தோறும் கதைப்பார்கள், நாள்தோறும் சண்டை பிடிப்பார்கள். வீடியோவில் பார்க்கலாமென்றால் எங்கள் சிக்னலில் முகம் சதுரம் சதுரமாக உடைந்து, மூக்கு ஒரு பக்கமும் வாய் ஒரு பக்கமுமாக நின்றுவிடும். அதனால் பின்னேரங்களில் பிலோமினா வீட்டுப் பின்வளவில் நின்று பெரியதீவைப் பார்ப்பாள். சிசிலியாவின் அடுப்புப் புகை ஒரு நூல் மாதிரி மேலே போகும். அது தெரிந்தால் இவள் உள்ளே வந்து தன் அடுப்பை மூட்டுவாள்.

அந்தப் புதன்கிழமை காலையில் சிசிலியா போனில் சண்டை பிடிக்கவில்லை. அதுவே பிலோமினாவுக்குப் பயமாக இருந்தது.

"சீனி வருத்தம் கண்ணுக்கு வந்திட்டுதடி" என்றாள் சிசிலியா. "இடக்கண் போயிட்டுது. மற்றதும் கனகாலம் நிக்காதாம், டொக்டர் சொல்லிப்போட்டார். உன்ரை முகம் எப்பிடி இருக்குமெண்டு யோசிச்சுப் பார்த்தன், பிலோ. பாவாடை சட்டையோடை நிண்டதுதான் வருகுது."

பிலோமினா போனை வைத்துவிட்டுப் புருசனிடம் சொல்லப் போனாள். அவன் துறைக்கு ஓடிவிட்டிருந்தான். அன்றைக்குக் கனடாக்காரர் ஒரு பெரிய குடும்பமாக வந்திருந்தார்கள், வற்று நீர், லோஞ்சு பாரத்தால் சேற்றில் குந்திவிட்டது. சவிரிமுத்து தள்ளினான், அசையவில்லை. துறையில் நின்றவர்கள் எல்லாரும் சேர்ந்து தள்ளினார்கள், பங்குச் சுவாமியார் உடுப்பை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினார், படகுகளுக்குச் சொந்தக்காரரான சம்மாட்டியார் மடுத்தீன் தன் ஆட்களோடு வந்தார், பள்ளிக்கூடப் பிள்ளைகள் வந்தார்கள். லோஞ்சு அம்மி போட்டது போலக் கிடந்தது.

"உண்மையா விட மனமில்லாத ஆள் வரவேணும்" என்றார் மடுத்தீன். "எமிலி, உன்ரை மனிசியைக் கூப்பிடு."

"அவ வரமாட்டா" என்றான் எமிலியானுஸ். சொல்லி வாய் மூடுவதற்குள், தாழம் புதரைத் தாண்டி, கையில் போனோடு, அழுத முகத்தோடு பிலோமினா வந்துகொண்டிருந்தாள். அவள் தள்ள வரவில்லை, சொல்ல வந்தாள். எங்களுக்கு அது எப்படித் தெரியும்? "வா பிள்ளை, வா, வா" என்று வழிவிட்டோம். அத்தனை பேரும் பார்த்துக்கொண்டு நிற்க, அவள் என்ன நினைத்தாளோ, போனை இடுப்பில் செருகிக்கொண்டு, நீர் வற்றிய சேற்றில் நின்று லோஞ்சில் இரண்டு கையையும் வைத்துத் தள்ளினாள்.

லோஞ்சு இருந்த இடத்திலேயே இருந்தது. தீவு போனது.

லோஞ்சுக்கும் துறைக்கும் இடையில் தண்ணீர் அகலமாகிக்கொண்டே போக, எமிலியானுஸ் எழுந்து நின்று, "ஊர் போகுது! இஞ்சருங்கோ, ஊர் போகுது!" என்று கத்தினான். நாங்கள் கையை அசைத்தோம், வேறு என்ன செய்வது. தீவு விட்டுப்போன இடத்தில் கடல் வந்து நிறைய, லோஞ்சு சேற்றை விட்டுத் தானாக மிதந்தது. அவன் நங்கூரக் கயிற்றை வெட்டி அதில் அடையாளத்துக்கு ஒரு மிதவையைக் கட்டிவிட்டு, எஞ்சினை முடுக்கிக்கொண்டு எங்கள் பின்னால் வந்தான். கனடாப் பெண்ணொருத்தி, "அங்கிள், இது பக்கேஜிலை இருக்கிறதோ?" என்று கேட்டாளாம். "ஓம் பிள்ளை, இண்டைக்கு மட்டும்" என்று சொன்னதாக அவனே பிறகு எங்களுக்குச் சொன்னான்.

முதல் ஒரு மணித்தியாலம் எங்களுக்குப் பயமாகத்தான் இருந்தது. சுவாமியார் மணி அடித்துச் செபமாலை தொடங்கினார். அதன் ஐந்து பகுதிகளில் மூன்றாம் காரணிக்கத்தில் மணல்திட்டு வந்துவிட்டது, செபமாலை நின்றுவிட்டது. நாங்கள் அதன் ஓரமாக மெதுவாகப் போனோம். சிவப்புக் காலும் வளைந்த மூக்குமாகப் பறவைகள் ஆயிரமாயிரமாக நின்று எங்களைப் பார்த்தன, நாங்களும் கரையில் வரிசையாக நின்று அவற்றைப் பார்த்தோம், யாரும் யாரையும் கலைக்கவில்லை. அப்போது சவிரிமுத்து கடைக்குள் போய், சுற்றுலாக்காரர் மறந்துவிட்டுப்போன தொப்பியொன்றை எடுத்துத் தலையில் போட்டுக்கொண்டு வந்தான். அதற்குப் பிறகு எங்களைப் பிடிக்க முடியவில்லை.

கோபுரத்தீவில் போய்த் தீவு நின்றபோது அங்கே திருவிழா. செபஸ்தியாருக்குக் கோபம் வராது என்று சுவாமியாரே சொன்னதால் எல்லாரும் இறங்கினோம், தேர் பார்த்தோம், சர்பத் குடித்தோம், பிள்ளைகளுக்குக் காத்தாடி வாங்கினோம். இதுவரை சுற்றுலாக்காரரைப் பார்த்து எதற்கெல்லாம் சிரித்தோமோ அதெல்லாவற்றையும் நாங்களும் செய்தோம்: கோபுரத்தை உள்ளங்கையில் ஏந்துவது மாதிரிப் படம் எடுத்தோம், தேத்தண்ணியில் சாயம் காணாது என்று குறை சொன்னோம், நிழல் இல்லையே என்று அந்த ஊர்க்காரரிடம் முறையிட்டோம், "இதிலை என்ன விசேஷம்?" என்று கேட்டுவிட்டுப் பதிலைக் கேட்காமல் அடுத்த இடத்துக்கு நடந்தோம். எமிலியானுஸ் முன்னால் நின்று விளக்கம் சொன்னான். எத்தனையோ வருடமாக அந்நியருக்குச் சொல்லிப் பழகிய அதே பேச்சு, அதே பகிடி. முதல் தடவையாகச் சொந்த ஊர் சிரித்தபோது அவன் அந்தப் பகிடியை இன்னொரு தடவையும் சொன்னான். கோபுரத்தீவுச் சனம் எங்களை அதிசயமாகப் பார்க்கவில்லை. "எந்த ஊர்?" என்றார்கள். "தாழைத்தீவு." "எதிலை வந்தனீங்கள்?" "தாழைத்தீவிலை." "நல்லது" என்று சொல்லி மோர் தந்தார்கள். புறப்படுகிற நேரம், எங்களுக்குப் பூமாலை விற்றுக் கைசலித்துப்போன பெண்ணொருத்தி மனமில்லாமல் வந்து எங்கள் கரையைத் தள்ளிவிட்டாள்.

பிலோமினா எங்கேயும் இறங்கவில்லை. மணல்திட்டையும் அவள் பார்க்கவில்லை, தேரையும் பார்க்கவில்லை. தீவு எந்தப் பக்கம் திரும்பினாலும் அவள் பெரியதீவு தெரிகிற கரைக்கு நடந்துபோய் நின்றாள். அப்படி ஊரை நாலு பக்கமும் சுற்றிச் சுற்றி நடந்ததில் அவளுடைய செருப்பு தேய்ந்துவிட்டது. தன் கை பட்டதால்தான் ஊர் கிளம்பியது என்று அவளுக்குத் தெரியும். தாயைக் கொண்டுபோன கை இப்போது ஊரையே கொண்டுபோகிறதோ என்று அவளுக்கு நடுக்கம். கூடவே ஒரு சின்ன நம்பிக்கையும் இருந்தது: போகிறது போகிறது, பெரியதீவுக்குப் போகாதா? இந்த இரண்டையும் யாரிடம் சொல்வது? ஊர் முழுக்கத் தொப்பி போட்டுக்கொண்டு திரிந்தது.

விளக்குத்தீவுக்குப் போய்ச் சேர்ந்தபோது தண்ணீர் கரிக்கத் தொடங்கிவிட்டது. வேரோடு பிடுங்கி வந்த கிணறல்லவா. முதல் நாள் தேத்தண்ணியில் ஒரு வித்தியாசம், மறுநாள் சோற்றில், பிறகு மாடு வாளிக்குள் மூக்கை விட்டுவிட்டு எங்களைத் திரும்பிப் பார்த்தது. கனடாக்காரர் தங்களிடமிருந்த தண்ணீர்ப் போத்தல்களைப் பிள்ளைகளுக்குக் கொடுத்தார்கள். வெளிச்சவீட்டைக் காக்கிறவர் பத்திநாதர் என்று ஒரு தனி மனிதர். ஒரு ஊரே தன்னைத் தேடி வந்ததில் அவருக்குத் தலைகால் தெரியவில்லை. எங்களை எல்லாரையும் தொகுதி தொகுதியாக மேலே ஏற்றினார். மேலிருந்து பார்த்தபோது கடல் முழுக்க எங்கள் பக்கத்துத் தீவுகளெல்லாம் சிதறிக் கிடக்க, நடுவில் எங்களுடைய இடம் மட்டும் வெறுமையாக, எமிலியானுசின் மிதவை ஒரு புள்ளியாக ஆடிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்ததும் எங்களுக்கு வீட்டு நினைவு வந்துவிட்டது.

பத்திநாதர் எங்களை விட மனமில்லாமல் ஒரு நாள் முழுக்கச் சாட்டுச் சொன்னார். கடைசியில் கண்ணைத் துடைத்துக்கொண்டு கரைக்கு வந்து, "எந்தப் பக்கத்திலை கைவைக்க?" என்று கேட்டார். தள்ளுகிற பக்கத்துக்கு எதிர்ப்பக்கம்தானே தீவு போகும்.

"தெற்காலை தள்ளுங்கோ, வீட்டை போவம்" என்றார் மடுத்தீன். "கிணறு கரிக்குது. பெரியதீவைப் பார்க்காட்டி என்ன, குதிரை எங்கையும் போகாது."

எல்லாரும் தலையாட்டினோம். தண்ணீர் பெரிய விஷயம். பத்திநாதர் தெற்குக் கரைக்கு நடக்கத் தொடங்கினார்.

"இல்லை!" என்று ஒரு சத்தம். பிலோமினா. அவள் அப்படிக் கத்தி நாங்கள் கேட்டதேயில்லை. "பெரியதீவுக்குத் தள்ளச் சொல்லுங்கோ. என்ரை அக்காவுக்குக் கண் போகுது. முழுக்கப் போக முந்தி என்ரை முகத்தை ஒருக்காப் பார்க்க ஆசைப்படுறா. எனக்கு வள்ளத்திலை ஏற ஏலாது. இந்த ஊர் இனி ஒருக்கா எழும்பிப் போகுமோ இல்லையோ ஆருக்குத் தெரியும்? எனக்கு இதைவிட்டா வேறை வழியில்லை."

எமிலியானுசின் முகம் வெளிறிவிட்டது. "ஏனப்பா எனக்குச் சொல்லேல்லை?"

"எப்ப சொல்லுறது? காலமை முழுக்க லைஃப் ஜாக்கெட் எண்ணிக்கொண்டு நிண்டியள். பேந்து ஊர் வெளிக்கிட்டிட்டுது. பேந்து நீங்கள் பகிடி விட்டுக்கொண்டு திரிஞ்சியள்."

எங்களுக்கு வெட்கமாக இருந்தது. தலையிலிருந்த தொப்பியைக் கழற்றுவதா வேண்டாமா என்று தெரியவில்லை. மடுத்தீன் சம்மாட்டியார் கிணற்றடிக்குப் போனார், வாளியைப் போட்டு அள்ளினார், ஒரு செம்பு நிறைய வார்த்து எல்லாரும் பார்க்கக் கடகடவென்று குடித்தார். கண் இரண்டும் கலங்கிச் சிவந்துவிட்டன. வாயைத் துடைத்துக்கொண்டு, "ஒரு கரிப்பும் இல்லை" என்றார். "ஆர் சொன்னது கரிக்குதெண்டு? பத்திநாதர், இந்தப் பக்கம் வாங்கோ."

பெரியதீவுக் கரையில் முருகைக்கல் என்கிற பவளப்பாறையில் தட்டி, ஒரு வீட்டு முற்றமளவு தண்ணீரை இடையில் விட்டுத் தாழைத்தீவு நின்றது. குதிரைகள் முதலில் வந்து பார்த்தன. பிறகு சனம் வந்தது, பிறகு மகளின் தோளைப் பிடித்துக்கொண்டு சிசிலியா வந்தாள். எமிலியானுஸ் லோஞ்சைக் கொண்டுவந்து இடையில் குறுக்காக விட்டு, ஏறி இறங்கிப் போங்கோ என்றான். அக்காவும் ஏறவில்லை, தங்கச்சியும் ஏறவில்லை.

"வந்தனியோ?" என்றாள் சிசிலியா அந்தக் கரையிலிருந்து.

"வந்தன்."

"எங்கை நிக்கிறாய்? எனக்குப் பனிப்புகார் மாதிரிக் கிடக்கு. கிட்ட வா."

"நீ வாவன்."

"நான் ஏன் வாறது? நான் போகேக்கை நீ துறைக்கு வந்தனியே?"

போனில் சண்டை பிடித்தது போலவே இங்கேயும் தொடங்கிவிட்டார்களென்று நாங்கள் நினைத்தோம். ஆனால் பிலோமினா சேலையைச் சுருட்டிப் பிடித்தாள், பாறையில் காலை வைத்தாள், சின்ன வயதுக்குப் பிறகு முதல் தடவையாகக் கடலுக்குள் இறங்கினாள். முழங்கால் வந்தது, இடுப்பு வந்தது. அவள் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு, செபஸ்தியாரையும் தாயையும் மாறி மாறிக் கூப்பிட்டபடி நடந்தாள். எமிலியானுஸ் சட்டையோடு குதித்துக் கையைப் பிடிக்கப் போனான், அவள் தட்டிவிட்டாள். அந்தக் கரையில் ஏறினதும் சிசிலியா அவளுடைய முகத்தை இரண்டு கையாலும் பிடித்து, இருக்கிற ஒரு கண்ணுக்கு ஒட்ட வைத்துக்கொண்டு, எழுத்துக் கூட்டி வாசிப்பது போல நெற்றியிலிருந்து கீழே மெதுவாகப் பார்த்தாள்.

"கிழவியாப் போனாயடி."

"நீ மட்டும் என்ன குமரியே?"

பிறகு இருவரும் அழுதார்கள், நாங்கள் குதிரை பார்க்கப் போய்விட்டோம்.

நல்ல நாட்கள் அவை. பெருக்குமரத்தைக் கைகோத்துக் கட்டிப்பிடித்துப் பார்த்தோம், முருகைக்கல் வேலிகளுக்கு நடுவே காற்று வாங்கினோம், பெரியதீவுக் கிணறுகளில் ஆசைதீரக் குடித்தோம். பிலோமினாவும் பார்த்தாள், அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு போய், அவளுடைய கண்ணுக்குத் தெரியாததையெல்லாம் தான் பார்த்துச் சொன்னாள், அவள் பார்த்து மறந்ததையெல்லாம் கேட்டுக்கொண்டாள். ஆனால் மாட்டுக்கும் தென்னைக்கும் எங்கள் கிணறுதான் வேண்டும், பனை வடலிகள் வாடத் தொடங்கிவிட்டன, போக வேண்டியதுதான். பெரியதீவுக்காரர் எல்லாரும் வந்து தள்ளினார்கள். தீவு அசையவில்லை. அவர்களுக்கு எங்கள் மேல் அன்பு இருந்தது, ஆனால் அந்த அன்பு போதாது. எல்லாருடைய கண்ணும் சிசிலியாவிடம் போனது.

"நான் தள்ளமாட்டன்" என்றாள் அவள். "இந்தக் கை தள்ளினது திரும்பி வராது."

"எந்தக் கை?" என்றாள் பிலோமினா, இந்தக் கரையில் நின்றுகொண்டு.

"அம்மாவின்ரை வள்ளத்தைத் தள்ளின கை."

"அது என்ரை கையெல்லோ!"

"உனக்கென்ன விசரே? நீ அப்ப இத்தனை உயரம். உன்ரை கை வள்ளத்திலை முட்டவேயில்லை. நான்தான் தள்ளினனான்."

"முட்டினது! ஈரத் தார் பூசியிருந்தது, கை முழுக்கக் கறுப்பு. எனக்கெல்லோ தெரியும்!"

இரண்டு ஊரும் கேட்டுக்கொண்டு நின்றன. இத்தனை காலமும் ஒரே பாரத்தை ஆளுக்கொரு கரையில் இருந்து, பாதி பாதியாகக்கூட அல்ல, முழுசு முழுசாகச் சுமந்திருக்கிறார்கள். லோஞ்சிலிருந்து எமிலியானுஸ்தான் பொறுக்கமாட்டாமல் கத்தினான்: "அண்டைக்கு அடிச்ச காத்துக்கு ஆர் தள்ளினா என்ன, ரெண்டு பேரும் பேசாமல் இருங்கோ!"

சிசிலியா மகளின் தோளை விட்டுவிட்டு, காலால் தடவித் தடவித் தண்ணீருக்குள் இறங்கி நடந்து, கைக்குத் தட்டுப்பட்ட எங்கள் கரையின் கல்லில் இரண்டு உள்ளங்கையையும் வைத்தாள்.

"போயிட்டு வா" என்றாள்.

"போயிட்டு வாறன், அக்கா."

தாழைத்தீவு ஆடாமல் குலுங்காமல் பின்னால் போனது. பிலோமினா கரையில் இருந்தாள், முகத்தை அக்காவின் பக்கம் திருப்பி, அது அவளுடைய கண்ணின் பனிப்புகாரில் மறைகிற வரைக்கும் திருப்பியபடியே. பின்னேரம் நாங்கள் மிதவையைக் கண்டுபிடித்து எங்கள் இடத்தில் போய் அமர்ந்தோம். மூடியைச் சட்டியில் வைப்பது போலப் பொருந்தியது. மறுநாள் கிணறு இனித்தது.

அதன்பிறகு சுற்றுலாக்காரர் கனபேர் வருகிறார்கள், நகர்கிற தீவு இதுதானா என்று கேட்கிறார்கள், நின்று பார்க்கிறார்கள், அது நகராததைக் கண்டு குறை சொல்லிக்கொண்டு சவிரிமுத்துவிடம் தேத்தண்ணி குடிக்கிறார்கள்.

அடுத்த செபஸ்தியார் திருநாளுக்குப் பெரியதீவிலிருந்து வந்த வள்ளமொன்றின் நடுவில், இரண்டு பக்கமும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, வாந்திக்கு ஒரு பையும் மடியில் வைத்துக்கொண்டு சிசிலியா இருந்தாள். "கண்ணை மூடிக்கொண்டே வந்தனி?" என்று பிலோமினா கேட்டாள். "மூடினா என்ன, திறந்தா என்ன, இப்ப எனக்கு ரெண்டும் ஒண்டுதான்" என்றாள் அவள். "உன்ரை ஊரே கடலிலை வந்து போகுது, எனக்கொரு வள்ளத்திலை வர ஏலாதே?" ஒரு வாரம் தங்கினாள். சமையலில் குறை சொன்னாள். போகிற நாள் வந்தபோது, யார் அவளைத் தள்ளிவிட வேண்டுமென்று எல்லாருக்கும் தெரிந்திருந்தது. நாங்கள் வீடுகளுக்கு ஓடிப்போய்ச் சட்டிபானைகளை இறக்கி வைத்தோம், மாடுகளைக் கட்டினோம், சுவாமியார் செபஸ்தியாரின் சொரூபத்தைக் கயிற்றால் தூணோடு சேர்த்துக் கட்டினார், எமிலியானுஸ் மிதவையோடு கடலில் ஆயத்தமாக நின்றான். பிலோமினா வந்து வள்ளத்தில் கைவைத்தாள். "போயிட்டு வா, அக்கா" என்று தள்ளினாள்.

வள்ளம் போனது. தீவு நின்றது.

நின்றது என்றுதான் முதலில் நினைத்தோம். மறுநாள் காலையில் எமிலியானுஸ் தன் மிதவையைப் பார்த்துவிட்டு வந்து, "ஒரு சாண் போயிருக்கு" என்றான், "பெரியதீவுப் பக்கமா." அடுத்த முறை சிசிலியா வந்து போனபோதும் ஒரு சாண். அவள் இப்போது அடிக்கடி வருகிறாள், வாந்திப் பை இல்லாமல்கூட வருகிறாள். ஒவ்வொரு முறையும் தங்கச்சி துறைக்கு வந்து மனமில்லாமல் தள்ளிவிடுகிறாள், ஒவ்வொரு முறையும் ஊர் ஒரு சாண் அவளுக்குப் பின்னால் போய் நிற்கிறது. அளக்கிறவர்கள் யாராவது வந்து கேட்டால் நாங்கள் ஒன்றும் சொல்வதில்லை. எமிலியானுஸ் இன்னும் பயணிகளிடம் பெரியதீவு முக்கால் மணித்தியாலம் என்றுதான் சொல்கிறான், அதற்கு முந்திப் போய் இறங்கினால் எஞ்சின் புதுசு என்கிறான்.

பின்னேரங்களில் பிலோமினா இப்போதும் பின்வளவில் போய் நிற்பாள். முன்பு அங்கிருந்து புகை மட்டும் தெரியும். போன மாதம் ஒரு நாள் அப்படி நின்றவள், காற்று இந்தப் பக்கம் திரும்பியதும் மூக்கை உயர்த்தி இழுத்துப் பார்த்தாள், இன்னொரு முறை இழுத்தாள், பிறகு உள்ளே திரும்பிப் புருசனைக் கூப்பிட்டாள்.

"இஞ்சருங்கோ, அக்காவுக்குப் போன் அடியுங்கோ. மீன் கருகுது."